லெப்பர்ட் கெக்கோ தொட்டியில் சூடு பிசகினால்

"மாமா, இது செத்துப் போய்விட்டதா?"

ஒரு ஜனவரி இரவில் தொலைபேசியில் இப்படிக் கேட்ட சிறுவனின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் பிள்ளை. நான் போய்ப் பார்த்தபோது அவனுடைய லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி, தொட்டியின் மூலையில் கூழாங்கல்லைப் போலக் கிடந்தது. வயிற்றைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. பின்னங்கால் ஒன்று மெல்ல அசைந்தது. அறையைத் துப்புரவு செய்தபோது கழற்றிய, தொட்டியை அடியிலிருந்து சூடேற்றும் மின்சாரச் சூட்டுப் பாயின் பிளக், இரண்டு நாட்களாக அப்படியே தரையில் கிடந்திருக்கிறது. கோளாறு அவ்வளவுதான். சிறிது சிறிதாகச் சூடேற்றியதில் பல்லி பிழைத்துக்கொண்டது.

அதன் பிறகு எத்தனையோ வீடுகளில் இப்படித் தொட்டிகளின் முன் மண்டியிட்டிருக்கிறேன். நோய் என்று பதறி அழைத்தவர்களின் வீடுகளில் பெரும்பாலும் பிழை பாயில் இருந்தது, அல்லது பாயை ஏற்றி அணைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில், அல்லது அதன் கம்பி நுனியில் சூட்டை அளக்கும் உணர்முனையில். இந்தப் பிராணி தன் உடம்புக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. நாம் கொடுக்கும் சூட்டில்தான் அதற்குப் பசி எடுக்கும், செரிக்கும், காயம் ஆறும். ஆகவே என் வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் சூட்டை அள, பிறகு கருவியைப் பார், அதற்குப் பிறகு பல்லியைப் பார். இந்த வரிசையை மீற வேண்டிய அவசரங்களை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

எதையும் மாற்றும் முன் அளக்க வேண்டியவை

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட பாறை நிலம்தான் லெப்பர்ட் கெக்கோவின் ஊர். சூடேறிய கல்லின் மேல் படுத்து, வயிற்றால் சூட்டை வாங்கிக்கொள்ளும் உயிர் அது. அதனால் தொட்டியின் காற்று எத்தனை பாகை என்பதைவிட, வயிறு படும் தரை எத்தனை பாகை என்பதே முக்கியம்.

சூடான மறைவிடத்தின் (பாய்க்கு மேல் பல்லி ஒளிந்து படுக்கும் கூட்டின்) தரை: 31 முதல் 33 பாகை செல்சியஸ்.
விளக்கின் கீழ் வெயில் காயும் கல், விளக்கு வைத்திருந்தால் மட்டும்: 34 முதல் 36.
குளிர்ந்த பக்கத்தின் தரை: 22 முதல் 26.
இரவில்: 20 வரை இறங்கலாம். 18க்குக் கீழே தொடர்ந்து இருக்க விடக்கூடாது.

அளப்பதற்குத் துப்பாக்கி வடிவில் இருக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுச் சாமான் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். தொட்டியோடு சேர்த்து விற்கப்படும், கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானியை நம்பாதீர்கள். அது ஒட்டியிருக்கும் கண்ணாடியின் சூட்டைக் காட்டும். உங்கள் பல்லி படுக்கும் இடத்தின் சூட்டைக் காட்டாது. துப்பாக்கியையும் கண்ணாடிக்கு வெளியே நின்று பிடித்தால் கண்ணாடியைத்தான் அளக்கும். மூடியைத் திறந்து, மறைவிடத்தைத் தூக்கி, ஒரு சாண் தூரத்துக்குள் பிடித்து அளங்கள். சூடான தரை, குளிர்ந்த தரை, உணர்முனை இருக்கும் இடம் என்று மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை, விளக்கணைத்த பின் ஒரு முறை அளந்தால் பாதிக் கேள்விகளுக்கு அந்தத் தாளே பதில் சொல்லிவிடும்.

அறிகுறி: உணவைத் தொடுவதில்லை

*சூடான தரை 29க்குக் கீழே இருந்தால்*

பிளக்கைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், அந்தச் சிறுவனின் வீட்டில் மட்டுமல்ல, வேறு இரண்டு வீடுகளிலும் இதுவேதான். பல பிளக்குகளைச் செருகும் நீட்டுப் பலகையின் சுவிட்ச் அணைந்திருக்கலாம். பாய், விளக்குக்கான டைமரில் செருகப்பட்டு இரவு முழுவதும் அணைந்து கிடக்கலாம்.

அடுத்தது, தரைவிரிப்பின் தடிமன். பாய்க்கு மேல் மூன்று நான்கு சென்டிமீட்டர் மண்ணைக் கொட்டிவிட்டால் சூடு மேலே வராது. கீழே கண்ணாடிதான் வேகும். சூடான மறைவிடத்தின் அடியில் மட்டுமாவது மண்ணை விலக்கிவிட்டு, மெல்லிய ஓடு அல்லது காகிதத் துவாய் போடுங்கள்.

மூன்றாவது, அளவு முறைக் குழப்பம். கனடாவில் விற்கும் பல தெர்மோஸ்டாட்டுகள் பாரன்ஹீட்டில்தான் தொடங்கும். அதில் நீங்கள் 32 என்று வைத்தால், அந்தக் கருவிக்கு அது உறைநிலை. பாய் ஒருபோதும் எரியாது. 32 பாகை செல்சியஸ் என்பது ஏறத்தாழ 90 பாரன்ஹீட். இதன் மறுபக்கம் இன்னும் கொடியது: செல்சியஸில் இருக்கும் கருவியில் 90 என்று வைத்தால் பாய் அணையவே அணையாது. அவ்வளவு உயரத்துக்கு எண்ணை ஏற்ற விடாத கருவிகளும் உண்டு, விடுபவையும் உண்டு.

இவையெல்லாம் சரியென்றால் பாய் செத்திருக்கலாம். தெர்மோஸ்டாட்டை விலக்கிப் பாயை நேரடியாகச் சுவரில் செருகி, அருகிலேயே நின்று இருபது நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். சூடு இல்லையென்றால் புதிய பாய்தான். சூடு இருக்கிறதென்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். அதைச் சோதிக்கும் முறை கீழே இருக்கிறது. இரண்டு விடையிலும், சோதனை முடிந்ததும் பாயைச் சுவரிலிருந்து எடுத்துவிட மறக்காதீர்கள்.

கடைசியாக அறை. இரவில் காசு மிச்சம் பிடிக்க வீட்டுச் சூடாக்கியை 16, 17க்கு இறக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அடிப்பாய் மட்டும் அந்தக் குளிரை வெல்லாது. தொட்டி இருக்கும் அறையை 20க்கு மேல் வையுங்கள். முடியாதென்றால், ஒளி தராத செராமிக் சூட்டு விளக்கு ஒன்றைத் தனித் தெர்மோஸ்டாட்டுடன் மேலே மாட்டுங்கள். அதற்குப் பீங்கான் தாங்கி கட்டாயம் வேண்டும். பிளாஸ்டிக் தாங்கி உருகித் தீப்பிடிக்கும்.

*சூடான தரை 31–33இல் சரியாக இருந்தால்*

புதிதாக வந்த பல்லி என்றால் இரண்டு வாரம் கையில் எடுக்காமல் விடுங்கள். தோல் வெளிறி, சட்டை உரிக்கப் போகிறது என்றால் சில நாள் உண்ணாது. வசந்த காலத்து ஆண் பல்லிக்குச் சாப்பாட்டில் மனம் போகாது. குளிர்காலத்தில், தொட்டிக்குள் எல்லாம் சரியாக இருந்தாலும், வளர்ந்த பல்லிகள் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இவற்றில் எது என்று ஊகிப்பதைவிட நிறுத்துப் பார்ப்பது மேல். கிராம் காட்டும் சமையலறைத் தராசில், ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் விட்டு வாரம் ஒரு முறை நிறுங்கள். வாலையும் பாருங்கள், அதுதான் அதன் சேமிப்பு. வால் கொழுத்து, எடை மாறாமல் இருக்கும் பெரிய பல்லி இரண்டு வாரம் உண்ணாமல் இருந்தாலும் நான் பதறமாட்டேன். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அல்லது வால் மெலிந்துகொண்டே போனால், மிருக வைத்தியரிடம் போக வேண்டிய நேரம் அது. குட்டிகளுக்கு இந்தப் பொறுமை ஆகாது. ஐந்து நாள் உண்ணாத குட்டியை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

அறிகுறி: கக்குகிறது, அல்லது எச்சத்தில் பூச்சி முழுசாக வருகிறது

வயிறு நிறையத் தின்ற பிறகு தொட்டி குளிர்ந்துவிட்டது என்பதுதான் முதற்சந்தேகம். இரவில் சூடான தரையை அளங்கள். குறைந்திருந்தால் மேலே சொன்ன வரிசையில் சரிசெய்துவிட்டு, ஐந்தாறு நாள் தண்ணீர் மட்டும் வையுங்கள். பிறகு சிறிய பூச்சி ஒன்று, மறுநாள் இன்னொன்று என்று தொடங்குங்கள். பூச்சியின் நீளம் பல்லியின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைத் தாண்ட வேண்டாம்.

சூடு சரியாக இருந்தும் இரண்டாம் முறை கக்கினால், புதிய எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி வாலைக் குச்சியாக்கிவிடும். வீட்டில் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. வேறு பல்லிகள் இருந்தால் அன்றே பிரித்து வையுங்கள். ஒரே இடுக்கியை, ஒரே தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு தொட்டிக்கும் பயன்படுத்தாதீர்கள்.

அறிகுறி: குளிர்ந்த பக்கத்தை விட்டு நகர்வதில்லை, கண்ணாடியைச் சுரண்டுகிறது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது

முதலில் அவசரம். வாய் திறந்திருந்து, துப்பாக்கி 38க்கு மேல் காட்டினால் காரணம் தேடி நிற்காதீர்கள். சூடு தரும் எல்லாவற்றையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பல்லியை அறைச் சூட்டில் இருக்கும் ஒரு டப்பாவுக்கு மாற்றி, கால் மட்டும் நனையும் அளவு வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். ஐஸ் வேண்டாம், குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரும் வேண்டாம். திடீர்க் குளிர் இன்னொரு அடி. அரை மணியில் தலையைத் தூக்கி நடக்கவில்லை என்றால் நேராக வைத்தியரிடம் செல்லுங்கள்.

அவசரம் இல்லையென்றால் காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

உணர்முனை இடம் மாறியிருக்கிறதா? இந்தப் பிழையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். தெர்மோஸ்டாட்டுக்குக் கண் கிடையாது. கம்பியின் நுனியில் இருக்கும் அந்தச் சிறு முனை எங்கே கிடக்கிறதோ, அந்த இடத்தின் சூடுதான் அதற்குத் தெரியும். பல்லி இரவில் தோண்டும்போது கம்பி நகரும். பிள்ளை தொட்டியைத் துடைக்கும்போது முனையை வெளியே எடுத்துவிட்டு மறந்துபோகும். முனை தொட்டிக்கு வெளியே 21 பாகையில் கிடந்தால், கருவி "இன்னும் சூடு போதவில்லை" என்றே எண்ணிக்கொண்டு பாயை இடைவிடாமல் எரிக்கும். கட்டுப்பாடில்லாத பாய் 45 பாகையைக்கூடத் தாண்டும். திரையோ 21 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும். என் மருமகள் வீட்டில் ஒரு பெண் பல்லி இப்படித்தான் ஒரு வார இறுதி முழுவதும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. குளிக்கப் பிரியப்படுகிறது என்று பிள்ளைகள் படம் எடுத்திருந்தார்கள்.

முனை சூடான மறைவிடத்தின் உள்ளே, பாய்க்கு நேர் மேலே, தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். ஒட்டும் நாடாவைத் தொட்டிக்குள் பயன்படுத்தாதீர்கள். பல்லியின் தோல் ஒட்டிக்கொண்டு கிழியும். ஓட்டின் அடியில் செருகி, கம்பியைக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் உறிஞ்சுகுமிழால் இறுக்குங்கள். தொட்டியைத் துடைத்து முடித்ததும் கடைசி வேலையாக முனையைத் தொட்டுப் பார்ப்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். இரண்டு வினாடி வேலை.

வெயில் படுகிறதா? கோடையைவிடக் குளிர்காலத்தில் இது ஏமாற்றும். சூரியன் தாழ்ந்து போவதால் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறையின் உட்புறம் வரைக்கும் நீளும். வெளியே கழித்தல் 15 பாகையாக இருந்தாலும் கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடும். தெர்மோஸ்டாட் பாயை அணைக்கும், சூரியனை அணைக்காது. தொட்டியை உட்சுவருக்கு மாற்றுங்கள்.

விளக்கு பெரிதாக இருக்கிறதா? சிறிய தொட்டிக்கு 100 வாட் ஹலோஜன் மிக அதிகம். குறைந்த வாட் விளக்கை மாட்டி, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வகைத் தெர்மோஸ்டாட்டில் இணைத்துவிடுங்கள். அணைத்து ஏற்றும் வகையில் விளக்கை இணைத்தால் நாள் முழுவதும் மினுக்கிக்கொண்டே இருக்கும்; பல்லி வெளியே வரப் பயப்படும்.

தொட்டியே சிறிதா? பாய் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடினால் பல்லி தப்பி ஓடக் குளிர்ந்த இடமே மிஞ்சாது. இதற்கு மருந்து பெரிய தொட்டி.

கடைசியாகத் தெர்மோஸ்டாட்டின் உள் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம். திரையில் 36, இலக்கு 32, ஆனாலும் பாய் எரிகிறது என்றால் அந்தக் கருவியைக் குப்பையில் போடுங்கள். பழுது பார்க்காதீர்கள், இன்னொருவருக்கும் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: எந்நேரமும் சூட்டின் மேலேயே கிடக்கிறது

சாப்பிட்ட பிறகு ஓரிரு நாள் இப்படிக் கிடப்பது இயல்பு. நாள் முழுவதும், வாரம் முழுவதும் என்றால் குளிர்ந்த பக்கத்தை அளங்கள். அது 20க்குக் கீழே போயிருந்தால் பல்லி அங்கே போகப் பயப்படுகிறது, அறையைச் சூடாக்குங்கள். அளவு சரியென்றால் குளிர்ந்த பக்கத்தில் மறைவிடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒளிய ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, அதுவும் பாயின் மேல் என்றால், சூடு பிடிக்காவிட்டாலும் அது அங்கேதான் கிடக்கும். அட்டைப் பெட்டியில் வாசல் வெட்டி வைத்தாலே போதும்.

அறிகுறி: வயிற்றில் சிவந்த அல்லது பழுப்பேறிய திட்டு, கொப்புளம், ஒழுகும் புண்

இது சூட்டுக்காயம். சுட்டால் உடனே காலை இழுத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள்; அடியிலிருந்து வரும் சூட்டை உணர்ந்து விலகுவதில் இவை மிகவும் மந்தம், வேகும் வரை படுத்தே இருக்கும்.

பாயைப் பிடுங்குங்கள். தரைவிரிப்பை எல்லாம் எடுத்துவிட்டு வெள்ளைக் காகிதத் துவாய் மட்டும் விரியுங்கள். காயத்தை அறைச் சூட்டில் உள்ள சுத்தமான தண்ணீரால் நனைத்துக் கழுவுங்கள். மஞ்சள், தேங்காயெண்ணெய், பற்பசை, வீட்டில் இருக்கும் தீக்காயக் களிம்பு எதையும் பூச வேண்டாம். அன்போடுதான் பூசுகிறோம், ஆனால் எண்ணெய் சூட்டை உள்ளே பூட்டும், களிம்பைப் பல்லி நக்கும், மஞ்சள் காயத்தின் நிறத்தை மறைத்து வைத்தியரின் வேலையைக் கடினமாக்கும். காயம் எத்தனை சிறிதாக இருந்தாலும் அன்றோ மறுநாளோ வைத்தியரிடம் காட்டுங்கள். ஆழம் வெளியே தெரியாது.

அதுவரை சூடு இல்லாமலும் வைக்கக்கூடாது. மேலிருந்து வரும் சூடு, அல்லது சூடாக்கிய அறையில் 27, 28 பாகை போதும். சூட்டுக் கல் என்று விற்கும், உள்ளே மின்கம்பி வைத்த செயற்கைக் கல் உங்களிடம் இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். அதைத் திரும்பவும் வைக்காதீர்கள்.

அறிகுறி: சட்டை உரிந்து விரல்களில் ஒட்டிக்கொள்கிறது

இங்கே குளிர்காலத்தில் எல்லா வீட்டிலும் நடப்பது. சூடாக்கி ஓட ஓட வீட்டுக் காற்று நம் உதடுகளை வெடிக்க வைக்கும் அளவுக்கு உலர்ந்துபோகிறது. பல்லியின் தோலும் அப்படித்தான். சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் நடுவில் மூடியுள்ள டப்பா ஒன்றை வைத்து, ஈரப் பாசியோ நனைத்துப் பிழிந்த காகிதத் துவாயோ போடுங்கள். இதுதான் ஈர மறைவிடம். தொட்டி முழுவதும் தண்ணீர் தெளிக்கக்கூடாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் நெஞ்சில் சளி கட்டும்.

ஏற்கெனவே ஒட்டியிருந்தால், 30 பாகைத் தண்ணீரில் வயிறு வரை பத்துப் பதினைந்து நிமிடம் நிற்க விட்டு, ஈரப் பஞ்சுக் குச்சியால் உருட்டி உருட்டி எடுங்கள். வறண்ட தோலைப் பிய்க்காதீர்கள். விரலைச் சுற்றி மோதிரமாக இறுகிய தோல் இரத்த ஓட்டத்தை நிறுத்தி விரலையே உதிர வைக்கும். விரல் வீங்கியிருந்தால், கறுத்திருந்தால், கண்ணிமைக்குள் தோல் சிக்கியிருந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள், வைத்தியரிடம் போங்கள்.

அறிகுறி: கருவி சொல்லும் எண்ணும் துப்பாக்கி சொல்லும் எண்ணும் பொருந்தவில்லை

ஒன்றிரண்டு பாகை வேறுபாடு இயல்பு. அணைத்து ஏற்றும் தெர்மோஸ்டாட் இலக்கைச் சுற்றி மேலும் கீழும் ஊசலாடும். மூன்று பாகைக்கு மேல் வேறுபட்டால், முதலில் துப்பாக்கியையும் முனையையும் ஒரே புள்ளியில் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பளபளப்பான ஓட்டில் துப்பாக்கி தடுமாறும்; ஒரு துண்டுக் காகிதத்தை அங்கே பத்து நிமிடம் வைத்து, காகிதத்தை அளங்கள்.

முனை சரியாக அளக்கிறதா என்று அறிய, ஒரு கோப்பை நிறைய நொறுக்கிய ஐஸ், மேலே சிறிது தண்ணீர். நன்றாகக் கலக்கி, நீர் புகாத முனையை நடுவில் விடுங்கள். 0 காட்ட வேண்டும். 2 காட்டினால் எப்போதும் 2 கூட்டிக் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 5 காட்டினால் வேறு வாங்குங்கள்.

தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா என்று அறிய நான் செய்யும் சோதனை இது. பாயைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் சாதாரண மேசை விளக்கைச் செருகுங்கள். இலக்கை 28இல் வையுங்கள். முனை மேசைமேல் கிடக்கும்போது விளக்கு எரிய வேண்டும். இப்போது முனையை உள்ளங்கையில் மூடிப் பிடியுங்கள். சிறிது நேரத்தில் விளக்கு அணைய வேண்டும். கையைத் திறந்தால் மீண்டும் எரிய வேண்டும். தலைகீழாக நடந்தால், அதாவது கைச்சூட்டில் எரிந்து மேசைமேல் அணைந்தால், கருவி குளிரூட்டும் முறையில் இருக்கிறது. கருவியின் மெனுவில் தேடி மாற்றுங்கள், அல்லது சரியான துளையில் செருகுங்கள். எதற்கும் அசையாமல் எரிந்துகொண்டே இருந்தால் மேலே சொன்ன குப்பைத்தொட்டிதான்.

பாயில் பழுப்புக் கறை, மடிப்பு, கருகல் வாசனை எது இருந்தாலும் மறுபேச்சில்லாமல் மாற்றுங்கள். தொட்டியின் அடியில் சிறு கால்கள் வைத்துக் காற்றோட இடம் விடுங்கள். அடைபட்ட சூடு கண்ணாடியை வெடிக்க வைக்கும். கம்பி பிளக்கை விடத் தாழ்வாக ஒரு வளைவு வளைந்து பிறகு மேலேறட்டும். தண்ணீர் கொட்டினால் வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. சுவர்ப் பிளக்கே சுடுகிறது, அல்லது பாயைச் செருகினால் மின்தடைச் சுவிட்ச் விழுகிறது என்றால் மின்னியலாளரை அழையுங்கள். அது பல்லிக்கு மட்டுமான ஆபத்தல்ல.

அறிகுறி: மின்சாரம் போய்விட்டது, தொட்டி குளிர்கிறது

2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் சுமார் 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. பல வீடுகளுக்கு நத்தார் நாளிலும் மின்சாரம் திரும்பவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் சூட்டை வெளியே விடாத ஒரு நுரைப்பெட்டி (ஸ்டைரோஃபோம் பெட்டி) எப்போதும் தயாராக இருக்கிறது.

முதல் சில மணி நேரம் தொட்டியைக் கம்பளியால் போர்த்தி, காற்றுக்கு ஒரு மூலையை மட்டும் திறந்து விட்டால் போதும். அறை 18க்குக் கீழே இறங்கத் தொடங்கினால், காற்றுத் துளையிட்ட சிறு டப்பாவில் காகிதத் துவாயோடு பல்லியை வைத்து, டப்பாவை நுரைப்பெட்டிக்குள் வையுங்கள். பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தல், துவாயால் இரண்டு சுற்றுச் சுற்றியது. தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும். மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை மாற்றுங்கள். நமது நோக்கம் 32 அல்ல. 21, 22இல் வைத்திருந்தால் நல்ல உடம்புள்ள பல்லி ஓரிரு நாளைத் தாண்டிவிடும். அந்த நாட்களில் உணவு கொடுக்கவே கூடாது. கைகளைச் சூடாக்கும் இரசாயனப் பைகளை உள்ளே போடாதீர்கள். அவை தோலைச் சுடும், மூடிய பெட்டியில் பிராணவாயுவையும் குடிக்கும். பல்லிக்காகவோ நமக்காகவோ வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டவே வேண்டாம். அந்த 2013 இருட்டில் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு ஆளான குடும்பங்கள் உண்டு.

மின்சாரம் வந்ததும் உடனே பழைய சூட்டில் போட்டுவிடாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் அறையோடு சேர்ந்து சூடேறட்டும். இரண்டு நாள் கழித்துச் சாப்பாடு.

அறிகுறி: ஜூலையில் குளிர்ந்த பக்கமே 30

இதைப் பாயில் சரிசெய்ய முடியாது, அறையைத்தான் குளிர்விக்க வேண்டும். விளக்கை அணையுங்கள். தெர்மோஸ்டாட்டோடு இருக்கும் பாயை விட்டுவையுங்கள், அது தானாக உறங்கும். வீட்டில் நிலக்கீழ் தளம் இருந்தால் தொட்டியை அங்கே இறக்குங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிக் குளிர்ந்த பக்கத்தின் வலைமூடிமேல் வைக்கலாம். மின்விசிறியை நேராகத் தொட்டிக்குள் திருப்ப வேண்டாம்.

உங்களிடம் இருப்பது க்ரெஸ்டட் கெக்கோ என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. நியூ கலிடோனியாவின் மழைக்காட்டில் வாழும் அந்தப் பல்லி அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்து, 1994இல்தான் மீண்டும் கண்டார்கள். அதற்கு 22 முதல் 26 பாகை போதும். 28ஐத் தாண்டினால் துன்பம், 30க்கு மேல் நீடித்தால் சாகலாம். லெப்பர்ட் கெக்கோவுக்கு வாங்கிய பாயை அதன் தொட்டிக்கு மாற்றிப் போட்ட வீட்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் கெக்கோ என்ற பெயரைத் தவிர, சூட்டில் இவற்றுக்கு உறவே இல்லை.

சூட்டைச் சரிசெய்துகொண்டு காத்திருக்கக் கூடாதவை

மூக்கில் நுரை அல்லது குமிழி, மூச்சில் சொடுக்குச் சத்தம். தாடை மெத்தென்று வளைவது, நடக்கும்போது கால் நடுங்குவது. இது சுண்ணாம்புச் சத்துக் குறைவு, எந்தப் பாயும் இதைத் தீர்க்காது. வயிறு உப்பி ஒரு வாரத்துக்கு மேல் எச்சம் போகாமல் இருப்பது, அதிலும் மணல் விரித்த தொட்டியில். குடல் வெளியே தள்ளியிருப்பது. புரட்டிப் போட்டால் திரும்பி எழ முடியாமல் கிடப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தால் அன்றே வைத்தியர்.

எல்லா மிருக வைத்தியர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. நாய் பூனை மட்டும் பார்க்கும் இடத்துக்கு இரவில் ஓடிப் போய்த் திரும்பி வந்த குடும்பங்களை அறிவேன். பல்லி நலமாக இருக்கும் இன்றே நான்கு இடங்களுக்குத் தொலைபேசி எடுத்து, "ஊர்வன பார்ப்பீர்களா, இரவில் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டு, எண்ணைத் தொட்டியின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். போகும்போது நீங்கள் எழுதிய சூட்டுத் தாளையும், எடைகளையும், தொட்டி முழுவதும் தெரியும் ஒரு படத்தையும் கொண்டுபோங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

குளிர்காலத்தில் கிளம்பும் முன் காரைப் பத்து நிமிடம் வெளியில் ஓடவிட்டு உள்ளே சூடாக்கிக்கொள்ளுங்கள். பல்லியின் டப்பா நுரைப்பெட்டிக்குள், பக்கத்தில் துவாய் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல். பெட்டியை வீட்டுக்குள்ளேயே மூடி, மேலங்கிக்குள் அணைத்தபடி காருக்குக் கொண்டுபோங்கள். வழியில் திறந்து பார்க்காதீர்கள்.